அந்தப் போட்டோவ யாரு எடுத்தது

உக்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வந்துருங்க. ராசு, தம்பிக்கு ஒரு டீ போடு, சக்கரை கம்மியா. கம்மியாத்தான வேணும்? ஆளப் பாத்தாலே தெரியுது. உங்க வண்டிதானுங்களா அது? நல்லாருக்குது. ரெண்டு பக்கமும் பொட்டி, முன்னால போனு மாட்டறதுக்கு ஒண்ணு, மேலுக்குக் கவசமாட்டம் ஒரு சட்டை. வால்பாறைதான போறீங்க? பின்னால ஆளக் காணமே, தனியாவா?

சோலோ. அதேதானுங்க. நானும் ஒரு சோலோ ரைடருங்க.

சிரிக்காதீங்க. அந்தா, வேப்ப மரத்தடில நிக்குது பாருங்க, பின்னால கேரியர் வெச்சது, அதுதான் என்ற வண்டி. அந்தக் கேரியர் ஆம்ப்ளிஃபயர் வெக்கறதுக்குப் போட்டது. என்ற பேரு நாச்சிமுத்து. பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டுல நாச்சிமுத்து ரேடியோஸ்னு கேட்டா கொழந்தைகூடச் சொல்லும். மைக் செட்டு, சீரியல் லைட்டு, சாமியானா, எல்லாம் நம்மதுதான். இன்னிக்கு ஆனமலையில ஒரு பொண்ணுக்குச் சீரு. குழாய் ஸ்பீக்கரக் கட்டி, பாட்டப் போட்டு வுட்டுட்டு, கடைப் பசங்களப் பாத்துக்கச் சொல்லிட்டு, அமைதியா ஒரு டீ குடிக்கலாம்னு இந்த ஆழியாறுக்கு வந்தனுங்க. எனக்கு அமைதிதான் புடிக்கும். அதிகமாப் பேசவும் வராது. வேணும்னா ராசுவக் கேட்டுப் பாருங்க. இப்ப எதுக்கு உள்ள போயிட்டான்னு தெரியல.

இந்த சோலோங்கற எண்ணம் எனக்குத் தானா வரலீங்க. அதுக்குக் காரணம் என்ற சகலபாடி. என்ற பொண்டாட்டி சாந்தாமணி, அவளோட தங்கச்சி கோகிலா, அந்தக் கோகிலாவோட வூட்டுக்காரரு. ரத்தினசபாபதின்னு பேரு. கோயமுத்தூர்ல பம்பு செட்டுக் கடை. ரெண்டு வருசத்துக்கு முந்தி லடாக் போயிட்டு வந்தாருங்க, பைக்குல, தனியா. போயிட்டு வந்தாப் பரவால்ல. ஒரு போட்டோவக் கொண்டாந்து ஹால்ல மாட்டிட்டாரு. எம்மாம் பெருசுங்கறீங்க, எங்க கடை பேனரு அந்த அளவு இருக்கும். பின்னால பனிமலை, அதுக்கு முன்னால நீலமா ஒரு ஏரி, நடுவுல இவரு மட்டும். ரெண்டு கையையும் விரிச்சுட்டு, வானத்தப் பாத்துட்டு, ஹெல்மெட் காலுக்குப் பக்கத்துல. சுத்துப்பட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.

அந்த வூட்டுக்குப் போனா என்ற பொண்டாட்டி அந்தப் போட்டோவுக்கு நேராத்தான் உக்காருவா. ஒருக்கா பாத்துட்டே இருந்துட்டு சொல்றா, "நம்ம வூட்டுக்காரரெல்லாம் அடிவாரத்துக் குரங்கருவியத் தாண்டித் தனியாப் போவாரா?" எல்லாரும் சிரிச்சாங்க. சகலபாடி சிரிக்கல. பெருந்தன்மையா இப்படித் தலைய ஆட்டுனாரு. அதுதானுங்க என்னையக் கொன்னுடுச்சு.

அன்னிக்கு முடிவு பண்ணுனனுங்க. பின்னால ஏரி, சுத்தியும் காடு, நடுவுல நாச்சிமுத்து மட்டும். அப்படி ஒரு போட்டோ எங்க ஹால்லயும் தொங்கணும். அது இல்லாம இந்த ஜென்மம் முடியக்கூடாது.

இன்னொண்ணும் இருக்குதுங்க. எனக்குக் கொஞ்சம் தனியாவும் இருக்க வேணும்னு தோணுச்சு. எங்க வூட்டுல தனியாங்கற பேச்சே கெடையாது. என்ற தம்பி குடும்பம் மாடியில, மச்சான் குடும்பம் பின்னால, நடுவுல நாங்க. கக்கூசுல போயிக் கதவச் சாத்துனா வெளிய நாலு பேரு நின்னு என்னையப் பத்திப் பேசுவாங்க. வெளிய வந்தா கல்யாணம், காது குத்து, கோயில் நோம்பி. எல்லா எடத்துலயும் குழாய்க்குக் கீழதான் நம்ம நாற்காலி. காதுல பஞ்சு வெச்சு வெச்சு, இப்பப் பஞ்சு இல்லைன்னா ஊரே கத்தறாப்புல இருக்குது.

ஹெல்மெட்ட எதுக்குங்க போடறீங்க? வெயிலா? இந்தப் பக்கம் நவுந்துக்குங்க. காது கேக்குதில்ல? சரி.

போன வருசம் நோம்பி சீசன் முடிஞ்சு குழாயெல்லாம் தொடச்சு அடுக்கி வெச்ச நேரம். அடுக்களையில கிரைண்டர் ஓடுது. நான் வாசப்படியில நின்னு, "அம்மிணி, ஞாயித்துக்கெழம வால்பாறைப் பக்கம் சோலோ போறேன்"ன்னேன். சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தாளுங்க, மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "நெசமாவா"ன்னா. "நெசமாத்தான்"ன்னேன். "எத்தன வருசமா உங்க வாயிலிருந்து இது வருமான்னு பாத்துட்டு இருந்தேன்"னா. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. பாருங்க, இவ்வளவு நாளா என்னையத் தனியா அனுப்பறதுக்குக் காத்துட்டு இருந்திருக்கறாளே, நாந்தான் புரிஞ்சுக்கலையேன்னு.

சனிக்கெழம காலையிலிருந்தே வூட்டுல ஒரே பரபரப்பு. பெரிய அண்டாவுல புளிச்சோறு கெளறறாங்க. ஒருத்தனுக்கு எதுக்கு இத்தனைன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஆசையாச் செய்யறத எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன். சாயந்தரம் பாத்தா கோகிலாவும் சகலபாடியும் புள்ளைங்களோட வந்து எறங்கறாங்க. லடாக் போனவரே நேர்ல வந்து வழியனுப்பறாருன்னா சும்மாங்களா? நெஞ்சு நிமுந்துருச்சு. புள்ளைங்கெல்லாம் வட்டமா உக்காந்து நீச்சல் டியூப ஊதிப் பாத்துட்டு இருந்தாங்க. லீவுல புள்ளைங்க எதையோ ஊதும்.

வெடியக்காலம் வண்டிய எடுக்கறேன், சாந்தாமணி வாசலுக்கு வந்து சொல்றா, "நீங்க முன்னால போங்க, நாங்க பாத்துக்கறோம்." வூட்டப் பாத்துக்கறாங்களாம். எத்தன நல்ல மனசு. எந்த விசேசத்துக்கும் நாந்தான் முன்னால போவேன் பாருங்க, மைக் செட்டுக்காரன் போனாத்தான விசேசமே ஆரம்பிக்கும்.

இதே ரோடுதான். இங்க மேல செக்போஸ்ட்ல ஒரு கார்டு நிறுத்துனாரு. "எத்தன பேரு?"ன்னாரு. "சோலோ"ன்னேன். "சோலையாறா? ஆறு மணிக்குள்ள திரும்பிரோணும், யானை நடமாட்டம் இருக்குது"ன்னு கயித்த எறக்கி வுட்டாரு. எத்தன பேருன்னு கேட்டவரு ஊரச் சொல்றாரேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பாவம், அவருக்கும் காது மந்தம் போலன்னு போயிட்டேன்.

மலை ஏற ஆரம்பிச்சதும் பாருங்க, குளு குளுன்னு காத்து. ஒவ்வொரு வளைவுக்கும் கீழ ஆழியாறு டேம் சின்னதாயிட்டே போகுது. ஒம்போதாவது வளைவுல நிறுத்துனேன். வரையாடு ரெண்டு சுவத்து மேல நின்னுச்சு. சரி, மொத போட்டோவ இங்க எடுத்துருவோம்னு போன எடுக்கறேன், ஒரு குடும்பம் வந்து, "அண்ணா, எங்கள ஒரு போட்டோ எடுங்களேன்"னு போனக் கையில குடுக்கறாங்க. எடுத்துக் குடுத்தேன். அடுத்து காலேஜ் புள்ளைங்க. அடுத்து புதுசாக் கல்யாணமானவங்க. அவங்களுக்குக் கையக் கோத்து ஒருக்கா, தோள்ல சாஞ்சு ஒருக்கா. தனியா நிக்கறவனப் பாத்தா ஊரே போனக் கையில குடுக்குதுங்க தம்பி. உங்களுக்கும் அனுபவம் இருக்குமில்ல? ஆனா என்னைய எடுங்கன்னு நான் யாரையும் கேக்கல. கேட்டா அப்புறம் அது எப்படிங்க சோலோ?

அந்த எடத்துலதான் மொத மொதல்ல எனக்குப் பொறி தட்டுச்சு. சகலபாடி போட்டோல ரெண்டு கையும் விரிஞ்சு இருக்குது. போனு கையில இல்ல. அப்ப எடுத்தது யாரு?

கேட்டீங்களா? நல்ல கேள்விதான? வண்டி ஓட்டீட்டே அட்டகட்டி வரைக்கும் அதையேதான் யோசிச்சேன். யோசிக்கறத யாருகிட்டயாவது சொல்லோணும்னு வாய் துடிக்குது, பின்னால திரும்பறேன், கேரியர்தான் இருக்குது. நான் வண்டியில போனா எப்பவும் பின்னால கடைப் பையன் ஒருத்தன் வயருச் சுருள மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பான். அவன்கிட்டப் பேசிட்டே போறது பழக்கம். அதனால ஹெல்மெட்டுக்குள்ளயே, "அன்பார்ந்த பொதுமக்களே, இதோ இடதுபுறம் தேயிலைத் தோட்டம், வலதுபுறம் மீண்டும் தேயிலைத் தோட்டம்"னு சொல்லிட்டே போனேன். சும்மா, வாய்க்கு ஒரு வேலை.

வால்பாறையத் தாண்டி ஒரு பிரிவு. எங்க போறதுன்னு நான் திட்டமே வெக்கல, சோலோன்னா அப்படித்தான. அங்க ஒரு போர்டு, "சோலையாறு அணை"ன்னு அம்பு போட்டுருந்துச்சு. பாத்ததும் மனசுல ஒரு குளிர்ச்சி. சோலோ, சோலையாறு. நமக்குன்னே வெச்ச போர்டுன்னு திருப்பிட்டேன்.

அந்த ஏரியப் பாத்தீங்கன்னா தம்பி, நீங்க பாக்கத்தான் போறீங்க, காடு அப்படியே தண்ணிக்குள்ள எறங்கி நிக்கும். ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு, கரையில கொஞ்சம் கீழ எறங்குனேன். காதுலிருந்து பஞ்ச எடுத்தேன். எத்தன வருசமா ஏங்குன அமைதி.

பயந்துட்டனுங்க. நெசமாச் சொல்றேன். ஒரு சத்தமும் இல்ல. கரண்டு போன கல்யாண மண்டபமாட்டம் இருக்குது. ஏதோ வயரு புடுங்கிட்டாப்புல கை தானா ஆம்ப்ளிஃபயர் குமிழத் தேடுது. தாங்க முடியாம, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ"ன்னேன். மலை திருப்பிச் சொல்லுச்சு, "த்ரீ"ன்னு. அது பதில் சொன்னதும் அழுகை வந்துருச்சு. புளிச்சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சேன், எறங்கல. எப்பவும் ஒருத்தி பக்கத்துல நின்னு "உப்பு பத்துமா"ன்னு கேப்பா. கேக்க ஆள் இல்லாம உப்பு பத்துமான்னே தெரியலீங்க.

சரி, வந்த வேலைய முடிச்சுட்டு வூட்டுக்கு ஓடிரலாம்னு போன ஒரு பாறை மேல சாத்தி, பத்து செகண்டு டைமர வெச்சேன். வெச்சுட்டு ஓடணும். மொத போட்டோல என்ற முதுகு. ரெண்டாவதுல ஒரு காலு. மூணாவதுல வெறும் ஏரி மட்டும், நல்லா வந்திருந்துச்சு. நாலாவதுக்கு மூச்சப் புடிச்சு ஓடி நின்னு, கைய விரிச்சு, வானத்தப் பாத்தேன். கிளிக். போயி எடுத்துப் பாத்தா, அட, அம்சமா வந்திருக்குது. ஏரி, காடு, நடுவுல நானு. பெருசு பண்ணிப் பாத்தேன். எனக்குப் பின்னால இன்னொருத்தர் நிக்கறாரு.

காட்டுமாடுங்க. நம்மூர் எருமை மூணச் சேத்துக் கட்டுனாப்புல. நான் கைய விரிச்சு வானத்தப் பாத்துட்டு நின்னப்ப அது பின்னால நின்னு என்னையப் பாத்துட்டு இருந்திருக்குது. திரும்பறேன், இப்ப எனக்கும் வண்டிக்கும் நடுவுல வந்து நிக்குது. போன்ல சிக்னல் இல்ல. பின்னால தண்ணி. எனக்கு நீச்சல் தெரியாது. அப்படியே கல்லாட்டம் நின்னேன். எம்மாம் நேரம் நின்னேன்னு கேக்காதீங்க. ஆனமலை மாசாணியம்மாவக் கும்புட்டேன், கும்புட்டுட்டு, "தாயே, எனக்குப் போட்டோ வேண்டாம், என்ற பொண்டாட்டியப் பாத்தாப் போதும்"னு சொன்னேன். வாயால இல்ல, மனசுலதான். வாயத் தொறந்தா அது திரும்பிப் பாக்குது.

அப்பத்தானுங்க அந்தச் சத்தம். தூரத்துல, வளைவுக்கு அக்கட்ட, கீய்ங்குன்னு ஒரு ஊளை. உங்களுக்கு அது வெறும் ஊளை. எனக்கு அது என்ற கடை கை மைக்கு. குமிழு லூசா இருக்குது, திருப்புனா அப்படித்தான் ஊளையிடும், நானே அதுக்கு முந்துன வாரம் பசை வெச்சு ஒட்டுனது. ஊளைக்குப் பின்னாலயே சாந்தாமணி குரலு.

"பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும்..."

நிறுத்திட்டா. எங்க பக்கம் பொம்பளைங்க வூட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டாங்க. காட்டுக்குள்ள, மைக்குல, நான் சாகக் கெடக்கறேன், அப்பவும் சொல்ல மாட்டேங்கறா.

"பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும், கோகிலாவோட அக்கா வூட்டுக்காரர், செவப்பு ஹெல்மெட், காதுல பஞ்சு, சாப்பாட்டு நேரமாச்சு, எங்கிருந்தாலும் உடனடியாக வேனுக்கு அருகில் வரவும்."

நோம்பியில காணாமப் போன கொழந்தைக்கு நான் எப்படிச் சொல்லுவனோ அதே ராகம். ஆனா மைக்கக் கடிக்கற மாதிரி வாய்க்குள்ள வெச்சுப் பேசறா, எத்தன தடவ சொல்லியிருக்கேன், நாலு வெரக்கடை தள்ளிப் புடின்னு. மறுக்கா ஊளை. காட்டுமாடு ரெண்டு காதையும் ஆட்டுச்சு. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, இவ உன்ற பொண்டாட்டியான்னு கேக்கறாப்புல. அப்புறம் மெதுவாத் திரும்பிக் காட்டுக்குள்ள போயிருச்சு.

வேன் வந்து நின்னுச்சு. தம்பி குடும்பம், மச்சான் குடும்பம், கோகிலா, சகலபாடி, புள்ளைங்க, டியூபு, அண்டா. சாந்தாமணி மைக்கோட எறங்கி, "எடம் பாத்து வெக்கத்தான முன்னால வந்தீங்க, ஒரு ஜமுக்காளம்கூட விரிக்கலையா?"ங்கறா. செக்போஸ்ட்ல கேட்டாங்களாம், "செவப்பு ஹெல்மெட்டா, சோலையாறு போனாரு"ன்னு அந்த கார்டே சொல்லியிருக்காரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கிரைண்டர் சத்தத்துல நான் சொன்ன சோலோ அவளுக்குச் சோலையாறாக் கேட்டிருக்குது. குடும்பத்தோட சோலையாறு கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சுத்தான் அந்த வெளிச்சம், அந்தப் புளிச்சோறு.

நான் அவ கையப் புடிச்சுட்டு அழுதனுங்க. அத்தன பேரு முன்னாலயும். "ஏனுங்க, உப்பு பத்தலீங்களா?"ன்னு கேட்டா. பத்துச்சுன்னேன்.

சாப்புட்டு முடிச்சதும் சகலபாடிதான் வந்தாரு. "போட்டோ எடுத்தீங்களா சகல?"ன்னாரு. காட்டுமாட்டுப் படத்தக் காட்டுனேன். அவரு என்ற போன வாங்கிட்டு, "போயி நில்லுங்க. அங்க இல்ல, ரெண்டடி அக்கட்ட. ஹெல்மெட்டக் காலுக்குப் பக்கத்துல வைங்க. கைய விரிங்க. லென்ஸப் பாக்காதீங்க, வானத்தப் பாருங்க"ங்கறாரு. அத்தன சுத்தமாச் சொல்றாரு. அவருக்குப் பின்னால மொத்தக் குடும்பமும் நின்னு, வயித்த உள்ள இழுங்க, மொறைக்காதீங்க, சிரிங்கன்னு கத்துது. சிரிக்காம எப்படிங்க நிக்கறது? அப்ப சகலபாடி கண்ண போனுலயே வெச்சுட்டு, பழக்கத்துல சொல்லிட்டாரு, "அட இதெல்லாம் பரவால்ல சகல, எனக்கு அங்க பஸ்ஸுல வந்த அத்தன பேரும் நின்னு கத்துனாங்க."

பஸ்ஸுல வந்த அத்தன பேரும்.

வாயிலிருந்து வந்ததும் அவருக்கே தெரிஞ்சுருச்சு. என்னைய ஏரிப் பக்கம் தள்ளிட்டுப் போயி, கையப் புடிச்சு, சத்தியம் வாங்கிட்டாரு. டூர் பஸ்ஸுங்க. அந்த ஹெல்மெட்டு அங்க நின்ன யாரோடதோ. நான் சத்தியம் பண்ணிட்டேன், உசுரு போனாலும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க வெளியூரு. ராசுவுக்குத் தெரியும், அவன் கணக்குல வராது. அப்புறம் கடைப் பசங்க. ஆனமலைச் சீருக்கு வந்தவங்கள்ல கொஞ்சப் பேரு.

போட்டோ எங்க ஹால்ல தொங்குதுங்க. ஏரி, காடு, நடுவுல நாச்சிமுத்து மட்டும். வர்றவங்கெல்லாம், "தனியாவா போனீங்க?"ன்னு கேக்கறாங்க. பெருந்தன்மையா இப்படித் தலைய ஆட்டறேன். சாந்தாமணி அதுக்கு நேராத்தான் உக்காருவா. "உங்களுக்கும் தனியாப் போறதுக்கு ஒரு தைரியம் வந்துருச்சு பாருங்க"ம்பா, வேன்ல வந்தவளே.

எந்திரிச்சுட்டீங்களா? டீ பாதி இருக்குது. கெளம்பறீங்களா, சரி சரி, வெயிலுக்கு முன்னால ஏறிரணும். ஒண்ணு மட்டும் கேக்கறேன் தம்பி. அங்க போயி ஏரிக்கரையில நிக்கறீங்க. கைய விரிக்கறீங்க. வானத்தப் பாக்கறீங்க. உங்களுக்கு எடுக்கறது யாரு?

பாத்தீங்களா. டைமர் வேலைக்காவாது, நான் பட்டுட்டேன். இருங்க, நானும் வர்றேன். ஆனமலையில பசங்க பாட்டப் போட்டுக்குவாங்க. தொந்தரவு பண்ண மாட்டேன், நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன், ரெண்டு பேருமாச் சேந்து சோலோ போயிட்டு வந்துரலாம். ஒரே நிமிசம், வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிர்றேன்.

ஹலோ, அம்மிணி. ஆழியாறுல இருக்கறேன். இங்க ஒரு தம்பிகூடச் சோலோ போறேன். சோலோ. அந்தக் கிரைண்டர நிறுத்து. சோ...லோ. ஆமா. ஆமாங்கறேன். நல்ல தம்பிதான், கம்மியாப் பேசறாரு. சரி வெச்சுர்றேன்.

ஹெல்மெட்டக் கழட்டிட்டு உக்காருங்க தம்பி. ராசு, இன்னொரு டீ. வேன் இங்க வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கும் சேத்துப் புளிச்சோறு கட்டறாளாம், உப்பு எப்படி வேணும்னு கேக்கறா.